இரண்டாவது வேனில் என் பெயர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். லீவ் லெட்டரைத் தவிர வேறு எதையும் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் மற்றவர்களுக்குப் பயண யோசனை சொல்ல உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். கம்பெனியில் என் பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு ஒரு கல்யாண அழைப்பு வந்திருக்கிறது. ஏதோ கடற்கரை ஊரில், மூன்று நாள். "நீதான் அந்த மாதிரி கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்துக்கீறியே, இன்னா எடுத்துக்கினு போவணும், எப்டிப் போவணும், எழுதிக் குடேன்" என்றாள். ஒரு சீட்டில் எழுதித் தரலாம் என்று ஆரம்பித்தேன். சீட்டு போதவில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கான சின்னச் சின்ன பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், கடைசி மேஜையில் உட்கார்ந்து சரிபார்க்கிறேன். துளைக்குள் அளவுக் கம்பியின் ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. நுழைந்தால் தள்ளிவிட வேண்டும். சரியாக இருப்பதை ஒரு சீட்டு கட்டி அனுப்ப வேண்டும். பதினாறு வருடமாக இதுதான். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியை ஷிஃப்ட் முடிந்ததும் கழற்றி வைக்க முடிவதில்லை.

கல்யாணம் என் தம்பிக்கு. எனக்கும் அவனுக்கும் பதிமூன்று வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அவன் ஐடியில் வேலை செய்கிறான். அப்பா அம்மாவோடு பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஃபிளாட்டில் இருக்கிறான். நான் அண்ணனூரில் தனியாக இருக்கிறேன். என் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை.

பெண் வீடு முகப்பேர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஃபிளாட் வாங்கிக் குடியேறியவர்கள். இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு பஸ்ஸில் போய்விடலாம். வழியில் எத்தனையோ மண்டபங்கள். ஆனால் கல்யாணம் ஏலகிரி மலையில், ஒரு ரிசார்ட்டில் என்றார்கள். எனக்கு முதல் சந்தேகம் அப்போதே வந்தது. இருக்கிற இடத்தை விட்டு மலைமேல் போய் ஏன் செய்ய வேண்டும்? யார் வரக் கூடாது என்று நினைக்கிறார்கள்?

எங்கள் வழக்கத்தில் தாலிக்கு மூன்று முடிச்சு. முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவன் கூடப் பிறந்தவள் போட வேண்டும். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். கணவன் இல்லாதவள் போடலாமா என்பதை யாரும் என்னிடம் பேசவில்லை. போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. வாய்விட்டுக் கேட்கிற ஆளும் நான் இல்லை. அந்த இரண்டு முடிச்சையும் நான் போட வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது தம்பி போனில் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். வருகிறவர்களுக்கான வழிகாட்டி, பதினொரு பக்கம், ஆங்கிலத்தில். கல்யாண ஏற்பாட்டுக்கென்று பெண் வீட்டார் அமர்த்திய ஒரு பெண் தயாரித்தது. எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன்.

என் முதல் யோசனை இதுதான். இப்படி ஒன்று வந்தால் முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். முதல் பக்கத்தில் பூமாலைப் படத்துக்குள் ஜோடியின் போட்டோ இருக்கும், வானிலை எப்படி இருக்கும் என்று இருக்கும். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். பெயர்ப் பட்டியல் அங்கேதான் இருக்கும். யாருக்கு எந்த அறை, எந்த வண்டி என்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைப் படியுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. நாலாம் பக்கத்தில், முதல் நாள் மாலை மஞ்சள் பூசும் விழாவுக்கு எல்லோரும் மஞ்சள் உடையில் வர வேண்டும் என்று இருந்தது. உடனே ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு மஞ்சள் சேலை எடுத்துவிட்டேன். ஏழாம் பக்கத்தில்தான் தெரிந்தது, அந்த விழா ரிசார்ட்டில் தங்குகிறவர்களுக்கு மட்டும். மலையடிவாரத்து லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு அந்த மாலை 'ஓய்வு' என்று போட்டிருந்தது.

கடைசிப் பக்கத்தில் என் பெயர் லாட்ஜில் இருந்தது. வேன் இரண்டு.

தாலி கட்டுவது காலை ஏழு மணிக்கு என்று ஒன்பதாம் பக்கம் சொல்கிறது. கடைசிப் பக்கத்தின்படி முதல் வேன் லாட்ஜிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. இரண்டாவது வேன் ஆறே முக்காலுக்கு. மேலே போய்ச் சேர முக்கால் மணி நேரம், பதினாலு கொண்டை ஊசி வளைவு என்று ஆறாம் பக்கம் சொல்கிறது. மூன்று பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காகிதத்திலேயே நான் ஏழரை மணிக்குத்தான் போய்ச் சேருகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் பக்கத்திலும் தப்பு இல்லை.

இரண்டாவது வேனில் மொத்தம் பதினோரு பேர். ஏழு பேர் தம்பியின் ஆபீஸ் நண்பர்கள். மீதி நாலு பேரில் நான் ஒருத்தி; மற்ற மூவரும் எங்கள் சொந்தத்துப் பெண்கள். திருமுல்லைவாயலில் இருக்கும் பெரியம்மா ஒருவர், அப்பா வழி அத்தைகள் இரண்டு பேர். மூவருக்கும் கணவர் உயிரோடு இல்லை.

என் மேஜையில் ஒரு பாகம் தப்பாக வந்தால் அது தவறு. ஒரே மாதிரி நாலு வந்தால், எங்கேயோ ஒரு கை அப்படி வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

யாரிடம் கேட்பது? வழிகாட்டியில் அந்த ஏற்பாட்டுப் பெண்ணின் நம்பர் இருந்தது. இரண்டு நாள் கழித்து டீ இடைவேளையில், ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடத்துக்குப் போய் போன் செய்தேன். யார் என்று சொல்லிக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

"ரெண்டாவது வேன்ல ஒரு அம்மா வராங்க. வயசானவங்க. தாலி கட்றதப் பாக்கணும்னு ஆசப்படறாங்க. மொத வேனுக்கு மாத்த முடியுமாம்மா?"

"மொத வேன் ஃபுல் ஆண்ட்டி. பேர் பாத்துதான் ஏத்துவோம். நீங்க மாப்ள சைடா?"

"ஆமா."

"அப்போ உங்க வீட்லயே கேளுங்களேன் ஆண்ட்டி. ஃப்ரெண்ட்ஸ் ஏழு பேர் லேட்டா வரோம்னு அவங்களே கேட்டாங்க. மத்த நாலு பேர மாப்ள வீட்லேந்துதான் செகண்ட் வேன்னு டிக் பண்ணி அனுப்புனாங்க. அந்த அம்மா பேரு என்ன ஆண்ட்டி?"

நான் போனை வைத்துவிட்டேன்.

அதுவரை பெண் வீட்டாரையும் இந்தப் பெண்ணையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். வெளியாட்களைச் சந்தேகப்படுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. இப்போது அதுவும் போனது. மாப்பிள்ளை வீடு என்றால் தம்பி. அம்மாவுக்குப் போனில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்தான் தெரியும். அப்பா எதிலும் தலையிடுகிறவர் இல்லை.

அந்த ஞாயிறு பருத்திப்பட்டுக்குப் போனேன். தம்பி சோபாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வேன் ஏதோ ரெண்டு இருக்காமே" என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அந்த ஏற்பாடு பண்ற பொண்ணு பாத்துக்கும்க்கா. நீ ஏன் டென்ஷன் ஆவுற" என்றான், திரையைப் பார்த்துக்கொண்டே.

அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். "சட்டுனு குடிச்சிட்டுக் கெளம்பு. மழ வர்றாப்ல கீது" என்றாள். ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தேன். வெயில் பளீரென்று அடித்தது.

பயணத்தைச் சொல்ல வேண்டும். வழிகாட்டி எல்லோரையும் சென்ட்ரலுக்கு வரச் சொன்னது. ஏலகிரிக்கு ஜோலார்பேட்டையில் இறங்க வேண்டும்; அங்கே போகும் ரயில்கள் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகின்றன. அண்ணனூரிலிருந்து மின்சார ரயிலில் எதிர்ப்பக்கமாக சென்ட்ரலுக்குப் போய், அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, எக்ஸ்பிரஸில் ஏறி, மறுபடி அண்ணனூரைக் கடந்தேன். ரயில் ஷெட்டும் எங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டியும் ஜன்னலில் வந்து போயின. பெரம்பூரில் ஏறியிருக்கலாம். ஆனால் டிக்கெட்டில் ஏறும் இடத்தை முன்கூட்டியே மாற்றாமல் அப்படி ஏறினால், நம் சீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். டிக்கெட் வேறொருவர் எடுத்துக் கொடுத்தால், ஏறும் இடம் எது என்று அன்றைக்கே கேளுங்கள். ஆதார் கார்டைக் கைப்பையில் வையுங்கள், லாட்ஜில் கேட்பார்கள். முகூர்த்தச் சேலையைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டித் தனி வண்டியில் ஏற்றுவார்கள். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் சேலையை மடித்து இடுப்போடு அணைத்துக்கொண்டே போனேன். எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை.

லாட்ஜ் மலைக்கு ஏறும் சாலை ஓரத்தில் இருந்தது. எனக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே அறை. அவர் கால் வீக்கத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, "மேல இப்போ மஞ்சள் பூசுவாங்க இல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். மஞ்சள் சேலையை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

சாயங்காலம் வாசலுக்கு வந்தபோது ஒரு சின்ன வேன் நின்றது. நம்பரைப் பார்த்தால் எங்கள் பக்கத்து வண்டி. ஓட்டுநர் ஈரச் சாக்கைத் தரையில் விரித்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஆளிடம் நானாகப் போய்ப் பேசியது என் வாழ்க்கையில் எத்தனை தடவை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று.

"நம்ம பக்கம் வண்டியா தம்பி?"

"பூந்தமல்லிக்கா. மேல கல்யாணத்துக்குப் பூ கொண்டாந்தேன். நீ எங்க?"

"அண்ணனூர்."

"என் மாமியா ஊடு அங்கதான், ஷெட்டாண்ட. அதான் நான் அந்தப் பக்கமே தல வெச்சிப் படுக்கிறதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே கேட்டுவிட்டேன். "காலைல எத்தினி மணிக்கு மேல போறீங்க?"

"நாலரை. மாலைங்க இங்க ரூம்ல கீது. மேல பனியில நனைஞ்சிடும்னு கீழ வெச்சிக்கீறோம். எதுக்குக் கேக்குற?"

"என்னையும் ஏத்திக்கினு போவீங்களா?"

"உங்களுக்குன்னு தனி வேன் உட்டுக்கீறாங்களேக்கா. ஏசி வேன்."

"அது லேட்டா வருது."

அவர் சாக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "நீ பொண்ணு ஊடா, மாப்ள ஊடா?"

"மாப்ளைக்கு அக்கா."

"கூடப் பொறந்த அக்காவா? உன்ன உட்டுட்டா கட்டுவாங்க? இன்னா கல்யாணம்க்கா இது." பிறகு கொஞ்சம் யோசித்து, "முன்னால ஒரு சீட்டுதான் கீது. மடியில ரெண்டு மாலைய வெச்சிக்கினு வரணும். தூங்கி உழுந்து நசுக்கிடாத" என்றார்.

காலை நாலு மணிக்கு விளக்குப் போடாமல் குளித்து, விளக்குப் போடாமல் சேலை கட்டினேன். பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எழுப்ப நினைத்தேன். எழுப்பினால் அவரும் வருகிறேன் என்பார், ஒரு சீட்டுதான். அது ஒரு காரணம். அவரால் என் விஷயம் கெட்டுவிடுமோ என்ற பயம் இன்னொரு காரணம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

பதினாலு வளைவும் என் தம்பியின் கல்யாண மாலை, அவன் பெண்டாட்டியின் கல்யாண மாலை, இரண்டும் என் மடியில். ரோஜா இதழில் ஈரம் இருந்தது, சேலை நனைந்தது. யாராவது பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஓட்டுநருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மேலே பந்தலுக்குப் பின்னால் வண்டி நின்றது. இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவள் அம்மா. வெந்நீர்ச் செம்போடு நின்றிருந்தாள்.

"இன்னாடி, நீ ரெண்டாவது வண்டிலதானே வரணும்?" என்றாள்.

நான் மாலைகளை ஏந்தியபடி அப்படியே நின்றேன். அந்த வழிகாட்டியை அம்மாவால் படிக்க முடியாது. எந்த வண்டி என்று நான் சொல்லவும் இல்லை.

"உனக்கு யாரும்மா சொன்னது, நான் ரெண்டாவது வண்டின்னு?"

அம்மா செம்பைக் கீழே வைத்தாள். "மாலைய குடு. நீ தூக்கியாந்தேன்னு யாராண்டயும் சொல்லாத."

"நீயா போட்டே?"

"உன் சித்தி பொண்ணு பேரெல்லாம் படிச்சா. நான் டிக் போடச் சொன்னேன்."

"பெரியம்மா என்ன பண்ணாங்க? அத்தைங்க என்ன பண்ணாங்க?"

"உன்ன மட்டும் போட்டா நீ கண்டுபுடிச்சிடுவே. எதக் குடுத்தாலும் தோண்டிப் பாக்கறவளாச்சே. அதான் அவுங்களையும் சேத்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "போன வருசம் ஒரு கல்யாணத்துல நலங்குத் தட்ட உன் கையிலருந்து ஒருத்தி வாங்கி வெச்சாளே, ஞாபகம் கீதா? நீ ஒண்ணும் சொல்லல. ஊட்டுக்கு வந்து சாப்ட, வேலைக்குப் போன. நான்தான் நாலு நாளு தூங்கல. இங்க இத்தினி பேரு முன்னால எவளாச்சும் எதாச்சும் சொன்னா? நின்னு கேட்டுக்கினு இருப்பே. உனக்குத் திருப்பிச் சொல்ல வராது."

"நான் கட்டணும்மா" என்றேன்.

அம்மா மாலையில் சாய்ந்திருந்த ஒரு ரோஜாவை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மேடைக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. நாற்காலி வரிசைகளுக்குப் பின்னால், ஒரு கம்பத்தின் ஓரம் நின்றேன். மேடையில் சித்தி மகள் பட்டுச்சேலையில் பெண்ணுக்குப் பின்னால் தயாராக நின்றிருந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டான். சித்தி மகள் குனிந்து கயிற்றுக்குக் கை நீட்டினாள். அவன் கயிற்றை விடவில்லை.

"அக்கா எங்க?" என்று அம்மாவிடம் கேட்டான். முன்னாலிருந்த மைக்கில் அது எல்லோருக்கும் கேட்டது.

'இன்னும் வரவில்லை' என்று அம்மா சொல்லியிருக்கலாம். இரண்டாவது வேன் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மா அப்படிச் சொல்லிவிடுவாள் என்றுதான் நானும் காத்திருந்தேன். அம்மா தேடவே இல்லை. கம்பத்து ஓரத்தில் நான் நிற்பதை முன்பே பார்த்து வைத்திருக்கிறாள்.

"அதோ நிக்கிறா பாரு, கம்பத்தாண்ட" என்றாள். "கூப்புடு."

நடந்து போனது சரியாக நினைவில்லை. முன்வரிசையில் ஒரு குரல், "இவங்களா கட்றாங்க?" என்றது நினைவிருக்கிறது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் அட்சதையை அள்ளி எல்லோர் மேலும் போட ஆரம்பித்தாள்.

என் விரல்கள் பழக்கத்தில் கம்பெனி முடிச்சைப் போட்டன. சீட்டு கட்டும் முடிச்சு, எவ்வளவு ஆட்டினாலும் அவிழாது. இரண்டாவதைப் போடும்போது பெண் குனிந்தபடியே, "அண்ணி, முடி மாட்டிக்கிட்டு. கொஞ்சம் லூஸ் பண்ணுங்க" என்றாள். முடியை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன்.

தம்பிக்கு அந்தப் பட்டியல் தெரியாது என்று அம்மா பிறகு சொன்னாள். அவன்தான் அந்தப் பிடிஎஃபை எனக்கு அனுப்பினான். ஒருவேளை அவனும் கடைசிப் பக்கம் வரை படிக்கவில்லையோ என்னவோ. நான் அவனிடம் இதுவரை கேட்கவில்லை.

ஏழே முக்காலுக்கு இரண்டாவது வேன் வந்தது. நண்பர்கள் ஏழு பேரும் டிபனுக்கு ஓடினார்கள். அத்தைகள் கைப்பிடித்து இறங்கினார்கள். பெரியம்மா கடைசியாக, காலை ஊன்றி ஊன்றி வந்தார். பச்சைப் பட்டு கட்டியிருந்தார்.

"கட்டியாச்சா?"

"ஆச்சு பெரியம்மா."

"முடிச்சு யாரு போட்டது?"

"நான்தான்."

"நல்லது" என்றார். பிறகு, "என்னையும் எழுப்பியிருக்கலாமில்ல" என்றார்.

அம்மா போட்ட பட்டியல் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கதவைச் சாத்தியது அம்மா இல்லை.

பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு நான் எழுத வேண்டியது இவ்வளவுதான். கடைசிப் பக்கத்தை முதலில் படி. வண்டி கிளம்பும் நேரத்தையும் தாலி கட்டும் நேரத்தையும் ஒன்றாக வைத்துப் பார். சேலையைக் கையில் வைத்துக்கொள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எழுப்பு.

அன்று மதிய ரயிலிலேயே எல்லோரும் திரும்பிவிட்டோம். மறுநாள் எனக்கு முதல் ஷிஃப்ட். சாயங்காலம் திருமுல்லைவாயலுக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. ரேஷன் கடைக்குப் போயிருப்பதாக எதிர் வீட்டில் சொன்னார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.